குளத்துக்கு இரண்டாவது படம்

அவர் பெயரைக் கேட்டுவைக்கத் தோன்றவில்லை. ஆரியசாலையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குளத்தைத் தூர்வார அரசு மானியம் கேட்டிருந்தோம். வேலைக்கு முன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் வேண்டும் என்றார்கள். முதல் படம் எடுக்க வந்தவர் அவர். ஒடிசலான உடம்பு, பாதி நரைத்த மீசை. மானியம் கேட்கிற குளங்களுக்கெல்லாம் அவர்தான் போவாராம். கேமராவைத் தொடும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, முழங்கால் நனைய நின்றார்.

பிறகு நான்கு கரையிலிருந்தும், பக்கத்து வீடுகளும் மாமரமும் சேர்ந்து தெரிய, ஃபிலிம் தீரும்வரை எடுத்தார்.

“ஒரு படம் போதும்லா அண்ணாச்சி?” என்றேன்.

“அது சர்க்காருக்கு. இதெல்லாம் உங்களுக்கு. இங்க ஒரு குளம் கிடந்ததுன்னு பின்னே யாருக்காவது காட்டணும்லா.”

“வேலை முடிஞ்சா அடுத்த படத்துக்கும் நீங்கதானே வரணும்?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “இதுவரெ ஒரு குளத்துக்கும் என்னை ரெண்டாமது விளிச்சதில்ல, தம்பி.”

மானியம் பாஸான மறுவாரம் லாரிகள் வந்தன. தூர்வார வருகிற லாரி காலியாகத்தான் வரவேண்டும். எல்லாவற்றிலும் மண் நிறைந்திருந்தது.