நேர்ந்துவிட்ட குரல்

இங்கே சப்பாத்திக்கு மாவு வேண்டுமென்றால், கோதுமையை நாமே கொண்டுபோய் அரைத்து வர வேண்டும். மாவு மில்லை இங்கே சக்கி என்பார்கள். பூனாவில், கராடிப் பகுதியில், எங்கள் கட்டடத்துக்குப் பின்சந்தில் ஒரு சக்கி இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் தகர டப்பாவோடு அங்கே காத்து நின்றபோது, இயந்திர இரைச்சலுக்கு நடுவே யாரோ "முருகா" என்று இழுத்துக் கூப்பிட்டார்கள். பூனாவில் மாவு மில்லுக்குள் யார் முருகனைக் கூப்பிடுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சக்கிக்காரர் தன் போனைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள்ளிருந்துதான் வந்தது. கிடார் ஒன்று அழுதுகொண்டிருக்க, ஒரு பெண் கரகரத்த குரலில் இங்கிலீஷில் ஏதோ பாட, அவளுக்குப் பின்னால் தூரத்திலிருந்து அந்தக் கூப்பிடல். இரண்டாவது தடவை அது வந்தபோதுதான் தெரிந்தது. அது என் குரல்.

"மஸ்த் காணம் ஆஹே, தாயி," என்றார் சக்கிக்காரர். அருமையான பாட்டு அக்கா என்று அர்த்தம். அவருடைய மகள் போட்டுக் கொடுத்தாளாம், காலேஜில் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்களாம். எனக்குத் தெரிந்த இந்தியில், "யே மேரா ஆவாஜ் ஹை" என்றேன், இது என் குரல் என்று. அவர் என் நனைந்த முந்தானையையும் டப்பாவையும் பார்த்தார். "அஸ்ஸம் கா?" என்று சிரித்தார். அப்படியா என்று. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, சந்தோஷத்தில் என் டப்பாவை வரிசைக்கு முன்னால் எடுத்துக் கொட்டிவிட்டார். சூடு ஆறாத மாவைச் சுமந்துகொண்டு வீடு வந்த வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் பவானி. படிப்பு பத்தாவதோடு சரி, ஆனால் பாட்டு என்றால் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நலங்கு, வளைகாப்பு, மார்கழி பஜனை, காவடி எதுவானாலும் ஆள் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரருக்குப் பூனா பக்கத்தில் சாகண் என்ற ஊரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பாஷை தெரியாத ஊரில் நான் வாய் திறந்ததே அடுப்படியில் பாடும்போதுதான். அப்புறம் ஒரு வருஷம் இவருக்குக் காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். டாக்டர் சொன்ன மராத்தி புரியவில்லை, ஆனால் அவர் முகம் புரிந்தது. நம்மவர்கள் சேர்ந்து இங்கே ஒரு முருகன் கோயில் கட்டியிருக்கிறார்கள். அங்கே போய் நின்றேன். முடி இறக்குகிறவர்கள் உண்டு, தீ மிதிக்கிறவர்கள் உண்டு. எனக்கென்று இருந்தது தொண்டை ஒன்றுதான். "முருகா, இவரை எழுப்பிக் கொடு. இனிமேல் என் குரல் உனக்கு மட்டும். உன் சந்நிதி தவிர வேறெங்கேயும் பாட மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் இவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். மருந்து கேட்டது என்றார் டாக்டர். அந்த மருந்தைக் கேட்க வைத்தது யார்?

ஊரில் ஒரு கிடாயைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால், அது யார் வயலில் வாய் வைத்தாலும் அடிக்க மாட்டார்கள். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் சந்தைக்கு ஓட்ட மாட்டார்கள். என் குரலும் அப்படித்தான். அன்றிலிருந்து அடுப்படியில் முணுமுணுத்ததுகூட இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை சந்நிதியில் நின்று, எங்கள் அம்மா சொந்தமாகக் கட்டிய காவடிப் பாட்டைப் பாடுவேன், அதோடு வாயை மூடிவிடுவேன்.

அதற்கு நான் கொடுத்த விலை என் தங்கை. கோமதி கல்யாணத்துக்குள் அம்மா போய்விட்டாள். தாய் ஸ்தானத்தில் நான்தான் நின்றேன். நலங்கு வைக்கும்போது எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, ஒரே ஒரு அடி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டில்லாமல் நலங்கு முடிந்தது. பிறகு வருஷக்கணக்கில் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். போனில் என்னோடு பேசுவாள், ஆனால் அந்தப் பேச்சில் உப்பு இருக்காது.

இப்போது மாவு மில்லுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் மகள் நிவேதாவிடம் சொன்னேன். அவள் இங்கேயே வளர்ந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் நொண்டும். போனில் தேடி எடுத்துக் கேட்டுவிட்டுக் குதித்தாள். "அம்மா, ரேவாவோட ஆல்பம் இது. ஃபுல் பூனா பாகல் ஆயிருக்கு இதுக்கு. நாலாவது பாட்டுல நீ. சச்சி மே நீதான்." ஊரே அதற்குப் பைத்தியமாகிக் கிடக்கிறதாம், நிஜமாகவே அது நான்தானாம். ரேவா பூனாக்காரப் பெண். ப்ளூஸ் பாடுகிறவளாம். ப்ளூஸ் என்றால் மனசு உடைந்தவர்கள் பாடுவது என்றாள் மகள். அதோடு டோல்கி மேளத்தின் அடியைச் சேர்ப்பாளாம், பஜனையைச் சேர்ப்பாளாம், கண்டதையும் கலப்பாளாம். அந்தக் கலவைக்குத்தான் இத்தனை கூட்டமாம். நாலாவது பாட்டில், விட்டுப்போன காதலனை ஒருத்தி ரயில் நிலையத்தில் நின்று தேடுகிறாள். அவள் தேடலுக்குப் பின்பாட்டாக, நான் முருகனைக் கூப்பிடுவதை வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கிருத்திகையன்று குட்டை முடி வைத்த பெண்ணொருத்தி அர்ச்சனைத் தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு மூடிய ஒரு சின்னக் கருவியைக் காட்டி, பதிவு செய்யட்டுமா என்று கேட்டாள். கோயிலில் எல்லாரும்தான் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நானும் தலையாட்டினேன். சாமி பாட்டை வீட்டில் போட்டுக் கேட்பாள் என்று நினைத்தேன். எங்கே கொண்டுபோவாள் என்று யாருக்குத் தோன்றும்?

செய்தி எங்கள் கட்டடத்தில் பரவிவிட்டது. லிஃப்டில் ஏறினால் முகம் தெரியாதவர்கள் கும்பிடுகிறார்கள். மேல்மாடி அம்மாள் தன் மருமகளைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். எத்தனையோ வருஷமாக அதே லிஃப்டில் "மதராசி பாபி", அதாவது மதராஸ்கார அண்ணி, என்பதற்கு மேல் யாரும் என்னை அறிந்ததில்லை, பெயர் கேட்டதில்லை. ஊரில் என்னைக் குரலை வைத்துத்தான் தெரியும். இங்கே குரலைக் கட்டிவைத்துவிட்டு வெறும் உடம்பாகத் திரிந்தேன், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இப்போது இவர்கள் என் வாயைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. "துக்கமெல்லாம் கரைகிறது பாபி" என்கிறார்கள். எனக்கு அவர்கள் முகத்தில் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு தடவை சாத்தியும் விட்டேன்.

விமான் நகரில் ஒரு காபிக் கடையில் சாயங்காலம் அந்த ஆல்பத்தைக் கூடிக் கேட்கிறார்கள், ரேவாவும் வருகிறாள் என்று மகள் சொன்னாள். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். போய்ப் பார்த்தால், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். தரையில் மெத்தை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் விளக்கு. யாரும் பேசவில்லை, யாரும் போனைத் தொடவில்லை. நம்மூரில் பாட்டு என்பது மாவாட்டும்போது, பூக்கட்டும்போது கேட்பது. கோயிலில் பாடினால்கூட நாலு பேர் பின்னால் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர்களோ கர்ப்பக்கிருகத்தின் முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நன்றாக இருந்ததா என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். குப்பையாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். நாலாவது பாட்டில் என் "முருகா" எழும்பியபோது ஒரு பெண் விசும்பினாள். பக்கத்திலிருந்த தாடிக்காரப் பையன் அவள் முதுகைத் தடவினான். மேஜையில் பீர் பாட்டில் இருந்தது.

நான் எழுந்து நின்று, "இதை நிறுத்து" என்றேன். தமிழில்தான் வந்தது. ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரோ "அந்த ஆன்ட்டிதான்" என்று சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். ரேவா, அன்றைக்குக் கோயிலுக்கு வந்த அதே குட்டை முடிப் பெண், ஓடிவந்து என் காலைத் தொட்டாள். நான் பின்னால் நகர்ந்தேன். மகள் தலையைக் குனிந்தபடி, நான் சொல்லச் சொல்ல இந்தியில் சொன்னாள்.

ரேவா கெட்ட பெண்ணில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பேச்சைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. "ஆன்ட்டி, சாமி எல்லாருக்கும் பொது இல்லையா?" என்றாள்.

"சாமி பொதுதாம்மா. வேண்டுதல் பொது இல்ல" என்றேன்.

விசும்பிய பெண் எழுந்துவந்து, என் குரலில் இருக்கும் துக்கம் தன்னைக் காப்பாற்றியது என்றாள். எனக்கு வந்ததே கோபம். "துக்கமா? என்ற வீட்டுக்காரரு பொழச்சு எந்திரிச்சதுக்குப் பாடுனதம்மா அது. நன்றிங்கறது உனக்குத் துக்கமாத் தெரியுதா?" மகள் இதை மொழிபெயர்க்கவில்லை. "அம்மா, சோடோ ந, விடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரேவா இணையத்தில் தன் பக்கத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாள், எடுத்தும் விட்டாள். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்களாம். வெட்டி ஒட்டி, ஆட்டம் போடும் பாட்டாகக்கூட ஆக்கிவிட்டார்களாம். கொட்டின எண்ணெயைத் துணியால் ஒற்றலாம், திரும்ப ஜாடியில் ஊற்ற முடியுமா?

அந்த ஆயிரத்தில் ஒன்று பவானிக்கும் போய்விட்டது. கோமதி போன் செய்தாள். அவள் ஏழு மாசம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை.

"என்ற நாத்தனா மக உன்ற பாட்டைத்தான் போன்ல வெச்சுட்டுத் திரியறா. குடிக்கற எடத்துலயெல்லாம் போடறாங்களாமா?"

"நான் பாடுலடி. களவாண்டு போட்டுட்டாங்க."

"அப்படிங்களா. சாமி கோவிச்சுக்குலியா? மாமாவுக்கு ஒடம்பு நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அதானே பார்த்தேன். ஊரே கேட்டாலும் ஒண்ணும் ஆவாது. என்ற நலங்குக்கு மட்டும் வாயத் தொறந்திருந்தா மாமா உசுருக்கு ஆவாம போயிருக்குமாக்கும். வளைகாப்புக்கு வா. வந்து பாடு. பாடறதுன்னா வா, இல்லீன்னா வராத."

இவரிடம் சொன்னேன். டிவியைப் பார்த்தபடியே, "பாடிட்டுத்தான் வாயேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. அந்தப் பாட்டு ஊரெல்லாம் சுத்துனதுலருந்து எனக்குப் பிரஷர்கூடக் கொறஞ்சிருக்குது" என்றார்.

"விளையாடாதீங்க. நீங்க நெனப்பில்லாமக் கெடந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்? நாந்தானுங்க பார்த்தேன்."

அவர் டிவியை அணைத்துவிட்டார். எத்தனையோ யோசித்தேன். திருட்டுப்போன தாலிக்கு நான் பொறுப்பில்லை, நானே கழற்றிக் கொடுத்தால்தான் பாவம். என் வாய் முருகனுக்குத்தான். ஆனால் தாயில்லாத பெண்ணுக்கு முதல் வளையல் யார் போடுவது? பாட மாட்டேன், ஆனால் போவேன் என்று முடிவு செய்து ரயில் ஏறினேன்.

மண்டபத்தில் கோமதி மணையில் உட்கார்ந்திருந்தாள். புகுந்தவீட்டுச் சனம் நிறைய, எனக்குப் பாதிப்பேரைத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. நான் அவளுக்கு நேரே போய் நின்றேன். போ என்று சொல்வாளோ என்று பயந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த என் வாயைப் பார்த்தாள். "வளையலைப் போடு, போதும்" என்று கையை நீட்டினாள். நீட்டியவள் திரும்பி, நாத்தனார் மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மண்டபத்து ஸ்பீக்கரில் கிடார் அழ ஆரம்பித்தது. எனக்குப் புரிவதற்குள் "முருகா" என்று ஸ்பீக்கருக்குள்ளிருந்து நான் கூப்பிட்டுவிட்டேன், அம்மாவின் ராகத்தில், அம்மா இழுக்கும் அதே இழுப்பில். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு ஓடிப்போய் அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கோமதியின் கை என் கைக்குள் இருந்தது, அவள் கண் நிரம்பியிருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டே உதட்டை அசைத்து அந்தப் பாட்டைக் கூடவே முணுமுணுத்தாள். நான் சந்தனத்தைப் பூசி, முதல் பச்சை வளையலை எடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, என்னமாப் பாடுது. யாரு பாடறது?" என்று கேட்டார்.

"எங்கக்காங்க" என்றாள் கோமதி.

"வந்திருக்குறாங்களா? நேர்ல ஒரு பாட்டுக் கேக்கலாமே."

கோமதி என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. பூனாவுல இருக்குறாங்க."

நான் தலையைத் தூக்காமல், கண்ணாடி உடைந்துவிடாதபடி அவள் விரல் முட்டிகளைச் சேர்த்து அழுத்தி, அந்த வளையலை உள்ளே தள்ளினேன்.