சனிக்கிழமை மூட்டை

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். பிறகு அவள் மகளிடமும் தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று அதற்கு யார் ஷிப்ட் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது. இது பட்டப்பகலில் வந்தது. சனிக்கிழமை தோறும், கொல்லைப்புறச் சுவரில் வெயில் சாயும் நேரத்தில்.

அவள் தையல்காரி. அந்தத் தெருவில் அவள் தைத்த ஜாக்கெட் போடாத பெண்கள் குறைவு. "டேப் எதுக்கு, கண்ணு இருக்கே" என்று கொஞ்சம் அலட்டிக்கொள்வாள். அலட்டலுக்கு ஏற்ற வேலையும் கையில் இருந்தது. கணவர் பஸ் ஓட்டியவர், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், அம்மாவுடனேயே இருக்கிறாள்.

முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு மல்லாந்து படுத்தாலே முட்டியது. ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி, நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை எடுத்தார்கள். சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா நீட்டி முழக்கவில்லை.

"மீசோதீலியோமான்னு பேரும்மா. நுரையீரலுக்கு மேல மெல்லிசா ஒரு உறை இருக்கு. அதுல வர்ற புற்றுநோய். ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசு மூச்சுல போனவங்களுக்குத்தான் வரும். உள்ள போய் முப்பது நாப்பது வருஷம் சும்மா கிடக்கும். அப்புறம் வேலையைக் காட்டும். நீங்க எங்க வேலை பார்த்தீங்க?"

"வீட்டுலதான். தையல் மிஷின்ல."

"வீட்டுக்காரர்?"

"பஸ் டிரைவர்."

டாக்டரம்மா மகளை ஒரு தரம் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தூசு வீட்டுக்குள்ள வந்திருந்தா, அங்க வளர்ந்த பிள்ளையையும் நாங்க பார்த்துக்கிட்டே இருக்கணும். எல்லாருக்கும் வந்துடாது. ஆனா பார்க்கணும்."

அந்த நிமிஷத்தோடு அவளுக்குத் தன் வியாதி மறந்துபோனது. தனக்கு வந்தது வந்துவிட்டது, தொலையட்டும். மகளுக்கு வரக் கூடாது. எங்கிருந்து வந்தது அந்தத் தூசு? தெருவில் எங்கோ மூச்சில் போனது என்றால் மகள் தப்பித்தாள். வீட்டுக்குள் வந்தது என்றால்... அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை. மகள் கடைக்குப் போயிருந்தாள். இவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் சத்தம்.

படார்... படார்... படார்...

ஒரு நொடி இடைவெளி.

தட்.

யாரோ துணி உதறுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொடிக்கயிற்றைச் சொந்தம் கொண்டாடுகிறாள் என்று முணுமுணுத்தபடி போய்ப் பார்த்தாள். கயிறு காலி. கிளிப்புகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. துவைக்கிற கல்லைச் சுற்றித் தரையில் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம். விரலால் தொட்டாள். ஒட்டிக்கொண்டது. மகள் திரும்பி வருவதற்குள் அந்தப் படலமும் இல்லை.

"மாத்திரை மயக்கம்மா" என்றாள் மகள்.

அடுத்த சனிக்கிழமை அவள் மாத்திரையே போடவில்லை. சமையலறை ஜன்னலில் காத்திருந்தாள்.

படார்...

ஒரு பெண். முதுகு தெரிந்தது. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கனத்த கொண்டை. ஒரு நீலச் சட்டையைத் தோள்பட்டையில் பிடித்து மூன்று தரம் உதறினாள். பிறகு பையை உள்புறம் வெளியே இழுத்து ஒரு தட்டு தட்டினாள். வெயிலில் வெள்ளையாகப் புகை எழுந்து அவள் தலையைச் சுற்றி நின்றது.

யார் இவள்? முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் மஞ்சள் ஜாக்கெட், கழுத்தோரம் கறுப்புப் பட்டி. முதுகுத் தையலில் ஒரு இடத்தில் பிரித்துத் தைத்த தடம். தையல்காரிக்குத் தையல் தெரியாதா? அது அவள் தைத்தது. அவளுக்காகவே தைத்துக்கொண்டது. கல்யாணமான புதிதில்.

தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அவள் அன்றைக்குப் பார்த்தாள்.

கூடவே அந்த நீலச் சட்டையும் ஞாபகத்துக்கு வந்தது. அவளுடைய அண்ணனின் சட்டை. கூரை ஷீட் செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜம்மென்று வெளியே வருவான். கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வார அழுக்கையெல்லாம் பழைய போர்வையில் மூட்டை கட்டி, சனிக்கிழமை தோறும் தங்கை வீட்டில் கொண்டுவந்து வைப்பான்.

"உங்க அண்ணிக்குத் துவைக்கத் தெரியலடி. உன் கை பட்டாத்தான் வெளுக்குது."

அவளுக்குப் பெருமை பிடிபடாது. அப்படியே ஊற வைத்தால் தூசு பசையாகிச் சட்டையில் இறுகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் காய்ந்தபடியே நன்றாக உதறி, பையைத் தட்டிவிட்டுத்தான் நனைப்பாள். அந்தச் சூட்சுமம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அண்ணியைக் கேலி வேறு செய்வாள். எட்டு வருஷம் துவைத்தாள். டாக்டரம்மா நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னபோது அண்ணன் ஞாபகமே வரவில்லை. அவன் வேறு வீடு அல்லவா?

போன் போட்டு வரச் சொன்னாள். மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தான். எழுபது தாண்டியும் நெஞ்சு நிமிர்ந்த நடை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அருகிலேயே நின்றாள்.

"அண்ணா, உங்க கம்பெனித் தூசாலதான் எனக்கு இது வந்ததா? நிஜத்தைச் சொல்லு. எனக்காக இல்ல, இவளுக்காகக் கேக்கறேன்."

"சேச்சே! அது வெறும் சிமெண்ட்டும்மா. முப்பது வருஷம் நான் அதுலயே புரண்டேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாரு. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. கண்டதை நினைச்சு..."

படார்.

அண்ணன் நிறுத்திவிட்டான். மகள் கொல்லைப் பக்கம் திரும்பினாள். இந்த முறை மூன்று பேருக்குமே கேட்டது.

படார்... படார்...

கொல்லைக் கதவு தானாகத் திறந்தது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்த வெயிலில்... வெள்ளைத் தூசு. மெதுவாக... அவர்களை நோக்கி வந்தது.

தட்.

அண்ணன் துள்ளி எழுந்தான். கைக்குட்டையை மூக்கில் அழுத்தினான். இன்னொரு கையால் மகளைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான்.

"மூச்சை அடக்குடி! உள்ள இழுக்காத!"

தங்கை இருந்த இடத்திலேயே இருந்தாள்.

தூசு அவள் மேல் இறங்கியது.

"அண்ணா..."

அவன் திரும்பினான்.

"வெறும் சிமெண்ட்டுன்னியே... மூக்கை ஏன் மூடினே?"

கைக்குட்டை அவன் முகத்திலிருந்து இறங்கவே இல்லை. அதற்குள்ளிருந்துதான் பேச்சு வந்தது.

"மேல இருந்தவங்க எங்களுக்கு மட்டும் சொல்லி வச்சாங்கம்மா. தூசு ஆகாது... உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கன்னு. அப்ப... உங்க அண்ணி மாசமா இருந்தா."

அவள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். கல்லருகே நின்ற மஞ்சள் ஜாக்கெட்காரி இப்போது பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. நீலச் சட்டை அந்த வயிற்றின் மேல் கிடந்தது.

"நானும் அப்ப மாசமாத்தானே அண்ணா இருந்தேன்."

அவன் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனான்.

கூடப் பிறந்தவன். தன் பிள்ளைக்கு ஆகாததை மூட்டை கட்டி அவள் தலையில் வைத்துவிட்டு, கை ராசி என்று புகழ்ந்தவன். வியாதிகூட அவளை அவ்வளவு நோகடிக்கவில்லை. "அந்நியன் செஞ்சிருந்தா வாய் விட்டுத் திட்டியிருப்பேன். இவனை எப்படித் திட்டறதுன்னு எனக்குத் தெரியலையே" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அன்றோடு அவள் கொல்லையில் சத்தம் நின்றுபோனது. மழைக்காலம் வந்தபோது அவளும் போய்விட்டாள். அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் வந்தாள்.

வந்தவள் மகளைத் தனியாக அழைத்தாள். அவள் சொன்னதைத்தான் மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் யாரோ துணி உதறுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஆனால் அலமாரியில் பூட்டி வைத்த அண்ணனுடைய சட்டைகளில் பைகள் எல்லாம் உள்புறம் வெளியே இழுத்துவிடப்பட்டிருக்கின்றன. அந்த வழக்கம் தன் நாத்தனார் ஒருத்திக்கு மட்டும்தான் உண்டு என்று அண்ணிக்குத் தெரியும். செத்தவர்கள்தான் இப்படி வருவார்கள் என்பார்கள். இது அங்கே தொடங்கியபோது தையல்காரி உயிரோடு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மகள் அதற்குக்கூடப் பயப்படவில்லை. அண்ணி கடைசியாகச் சொன்னதற்குத்தான் பயந்தாள். அதைத் தன் அம்மாவின் காதில் போட வழியில்லாமல் போனதே நல்லது என்கிறாள்.

"இப்பல்லாம் உதறுற சத்தம் நின்னதும்... இன்னொரு சத்தம் கேக்குதும்மா. சின்னப் பிள்ளை ஒண்ணு இருமுற மாதிரி."

மகளுக்கு அடுத்த மாதம் பரிசோதனை.