எஃப் 2 பட்டனில் சந்தனம்

இது நான் ஜோடித்த கதை இல்லை. ஆரோக்கியராஜ் தன் வாயால் சொல்லி, நான் காதால் கேட்டது. அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால், திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்ததற்கு இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பார்.

2008. தீபாவளிக்கு மறுநாள். திருப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் தெக்கத்திச் சனம் மொத்தமும் பஸ் ஏறிப் போயிருக்கும். அனுப்பர்பாளையத்தில் அவர் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்திரப் பட்டறை. வருஷம் முழுக்கக் காதைக் கிழிக்கும் அந்த 'டங் டங்' சத்தம்கூட அன்றைக்கு இல்லை. ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக்காரர். கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்குப் போவார். சும்மா கிடப்பானேன் என்று கடையைத் திறந்து வைத்திருந்தார்.

மத்தியானம் செங்கோட்டையன் வந்தார். சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் நடத்துபவர். கையில் லேப்டாப்.

"பண்டிகை நேரத்துல அலையுதீகளே அண்ணாச்சி?"

"எங்க ஊட்டுல இந்த வருஷம் பண்டிகை இல்லீங்க தம்பி."

ஆரோக்கியராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். செங்கோட்டையனின் ஒரே மகள் ஜெயபாரதி காய்ச்சலில் இறந்துபோனதைக் கேள்விப்பட்டிருந்தார். எந்த மாதம் என்பதுதான் தெரியாது. யூனிட்டின் மெயில், ஆர்டர் எல்லாம் அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். இது அவளுடைய லேப்டாப்.

"இதுல இருக்கறது அத்தனையும் அழிச்சுக் குடுங்க. கண்ணம்மா சோறு தண்ணி இல்லாம இது முன்னாலயே உக்காந்திருக்கறா. புள்ள போட்டோவப் பாத்துப் பாத்து அழுவறா. மகதான் போயிட்டா... பொண்டாட்டியாவது மிஞ்சோணுமுங்க."

"போட்டோவ மட்டும் தனியா எடுத்து..."

"ஒண்ணும் மிச்சம் வேண்டாமுங்க."

காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆரோக்கியராஜுக்கு மனசே இல்லை. ஆனாலும் வேலை வேலைதானே.

சுத்தமாக அழிக்க வேண்டும் என்றால் லேப்டாப்பை சிடியிலிருந்து கிளப்ப வேண்டும். அதற்கு, ஆன் செய்த கையோடு எஃப் 2 பட்டனை அழுத்தினால் பயாஸ் என்று ஒரு நீலத் திரை வரும். அதில் செட்டிங்கை மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சிடியை உள்ளே போட்டார்.

அழுத்தினார். நீலத் திரை வரவில்லை. நேராக விண்டோஸ் திறந்து, திரை முழுக்க ஜெயபாரதியின் போட்டோ வந்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஃப் செய்து மறுபடி அழுத்தினார். மறுபடி சிரிப்பு.

குனிந்து பார்த்தார். எஃப் 2 பட்டன் மேல் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து ரிப்பேருக்கு வரும் எல்லா மெஷினும் இந்தக் கோலத்தில்தான் இருக்கும். "பூஜை போடுதோம்னு பட்டனை அடைச்சிட்டு நம்ம உயிரை வாங்குதாக" என்று முணுமுணுத்தபடி பட்டனைக் கழற்றினார். மேலும் கீழும் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

ஆன். எஃப் 2... சிரிப்பு.

விரலைப் பார்த்தார். நுனியில் சந்தனம். ஈரமாக இருந்தது.

சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடியைத் திறந்து, பயாஸுக்கான காசு மாதிரி பேட்டரியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டார். அதற்கும் மசியவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் தினமும் போகும். ஃபேன் சத்தம் அடங்கியது. லேப்டாப் மட்டும் அதன் பேட்டரியில் ஓடியது.

அப்போதுதான் வாசனை தெரிந்தது. இப்போதுதான் அரைத்த சந்தனம்.

கடையின் சொந்த கீபோர்டை எடுத்து லேப்டாப்பில் செருகினார். பொட்டே பார்த்திராத கீபோர்டு. தூசிதான் இருந்தது. பவர் பட்டனை அழுத்தக் குனிந்தார்.

நிமிர்ந்தார்.

அதன் எஃப் 2 மேல்... பொட்டு. நடுவில் குங்குமம்.

கடையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

"மாதாவே..."

திரையில் ஜெயபாரதி சிரிக்கவில்லை. அதே போட்டோதான். சிரிப்பை மட்டும் காணோம்.

சிடியை வெளியே எடுத்தார்.

"அழிக்கல தாயி... அழிக்கவே மாட்டேன்."

ஆஃப். ஆன். எஃப் 2.

டக்.

நீலத் திரை திறந்தது.

லேப்டாப்பை மூடி முன் கவுண்டரில் வைத்தார். மேசையில் போட்டது போட்டபடி கிடக்க, ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே செங்கோட்டையன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி... அழிச்சுட்டீங்களா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து சாயங்காலம் கண்ணம்மா தானா எந்திரிச்சு வந்து சோறு கேட்டாளுங்க. 'கடைக்காரத் தம்பி அழிக்க மாட்டாராமா, பாப்பா சொன்னா'ங்கறா. நான் எங்க கொண்டு வந்தேன்னு அவகிட்டச் சொல்லவே இல்லீங்களே..."

ஆரோக்கியராஜ் ஷட்டரைத் தூக்கி, கவுண்டரில் இருந்த லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வச்சது யாரு அண்ணாச்சி?"

"ஆயுத பூஜையாங்க? புள்ள போனது ஆவணியிலீங்க. துக்க ஊடு... இந்த வருஷம் நாங்க பூஜையே போடலீங்க." அவர் லேப்டாப்பைத் தடவினார். "வருஷா வருஷம் அவதானுங்க பொட்டு வைப்பா. ஊசி, கத்திரி ஒண்ண உட மாட்டா. எங்களைக் கை வைக்கவே உடமாட்டா."

ஆரோக்கியராஜ் மெல்ல உள்பக்கம் திரும்பினார்.

நேற்று அவர் சிதற விட்டுப்போன ஸ்க்ரூடிரைவர்கள், சால்டரிங் அயர்ன், பிரஷ்... எல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தன.

ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. சந்தனம் இன்னும் காயவில்லை.