கால்வாயில் தோடம்பழம்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் அறை வாடகைக்குக் கொடுத்தவர்கள் குடியிருக்க வந்தவரிடம் அதிகம் கேட்பதில்லை. அடையாள அட்டை, சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் ஆகிய மூன்றையும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்து வைத்தால் போதும். அதற்கு மேல் ஏதும் தெரிந்திருந்தால், விசாரணை என்று வரும்போது அதையும் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பின்னறைக்கு வந்த பெண் திருகோணமலைக்காரி, பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு இறுதி ஆண்டு மாணவி. படிவத்தில் ‘வடிவமைப்பு’ என்று எழுதினேன். எதை வடிவமைக்கிறாள் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். காலி வீதிப் பாலத்தின் கீழாகக் கடலுக்குப் போகும் கால்வாயில் சொப்பிங் பைகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் ஓயாமல் மிதந்து போகும். அவற்றைக் கடலில் சேர முன்பே மறித்துக் கரையோரமாக ஒதுக்கும் மூங்கில் மிதவை ஒன்றைத் தன் இறுதிப் பரீட்சைக்காக அவள் செய்துகொண்டிருந்தாள். அதற்கு நீரோட்டத்தின் வேகம் தெரிய வேண்டும். அதை அளக்க அவள் எடுத்தது தோடம்பழம், அதாவது ஆரஞ்சு; அது முக்கால்வாசி அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. ஓரிடத்தில் போட்டு, இன்னோரிடத்தைத் தாண்ட எத்தனை விநாடி என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். இவையெல்லாம் நான் பின்னால் அறிந்தவை.

அப்போது நான் கண்டது இவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை காலை 6.10க்குப் பேக்கரியில் பாண் வாங்கப் போனபோது, பொலிஸ் காவலரண் இருந்த அந்தப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி அவள் நின்றாள். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். கொப்பியில் ஏதோ எழுதினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“ஏதும் நேர்த்தியாக்கும்,” என்றாள்.

“நேர்த்திக்கு ஆர் மணிக்கூடு பாக்கிறது?”

“உங்களைப்போல ஒருத்தியாக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இஞ்சாருங்கோ, ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்.”

“கேட்டாத் தெரிஞ்சுபோயிடும்.”

அது நியாயமான பதில் என்றே இருவருக்கும் பட்டது.

இருபது வருடங்களுக்கு மேலாக நான் நாட்குறிப்பு எழுதிவந்தேன். மழை, ரயில் தாமதம், மின்வெட்டு எல்லாம் நேரத்தோடு இருக்கும். அன்றிலிருந்து அவளும் அதில் சேர்ந்தாள். ஏதும் நடந்தால், எனக்கு இதில் பங்கில்லை, நான் வெளியே நின்று கவனித்தவன் மட்டுமே என்று காட்ட அந்தக் குறிப்புகள் உதவும் என்பது என் கணக்கு. பாண் வாங்கும் நேரத்தை அவள் புறப்படும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒன்பது நாட்களில் ஏழு நாட்கள் பாலத்தடிக்குப் போனாள். அவள் நிற்கும் இடங்கள் மாறியதால், நாட்குறிப்பில் பாலத்தைச் சிறிய படமாகக் கீறி, அந்த இடங்களுக்குப் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டேன். பத்தாம் நாள், சனிக்கிழமை, பக்கத்தின் அடியில் எழுதினேன்: “திங்கள் காலை பொலிசில் சொல்லிவிடுவது நல்லது.”

ஞாயிறு காலை எட்டரைக்கு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனையிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு சார்ஜன்டும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். நேராகப் பின்னறைக்குப் போனார்கள். மூங்கில் துண்டுகள், மீன்வலை, கயிறு, கால்வாயின் பெரிய வரைபடம் எல்லாம் வெளியே வந்தன. அந்தப் பெண் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். பல்கலைக்கழக முத்திரையோடு, சிங்களத்தில், கால்வாயை அளப்பதற்கான அனுமதி. சார்ஜன்ட் வாசித்துத் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். காவலரணில் இருந்தவர்களும் அதை முன்பே பார்த்திருந்தார்களாம்.

பிறகு என் மேசைக்கு வந்து நாட்குறிப்பை விரித்தார். தமிழ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. நேரங்கள் தெரிந்தன. பாலம் தெரிந்தது. புள்ளடிகள் தெரிந்தன.

“மே மொகத?” இது என்ன என்று என்னைக் கேட்டார்.

அலுவலகத்தில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுபவன் நான். நானே வாசித்துச் சொல்கிறேன் என்று நாட்குறிப்புக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“எழுதினவர் வாசிக்க வேண்டாம். நங்கி, நீ வாசி. சிங்களத்தில் சொல்லு,” என்று, தங்கையை அழைப்பதுபோல அவளிடம் திரும்பினார்.

அவள் கைக்கு நாட்குறிப்பு போனது. அதில் ‘அவள்’ யாரென்று புரிய அவளுக்கு ஒரு வரி போதும். முதல் பக்கத்தில், “6.10. தோடம்பழம் எறிந்தாள். மணி பார்த்தாள். யாருக்குச் சைகை?” என்று இருந்தது. அவள் தெளிவான சிங்களத்தில், “ஆறு பத்து. பழம் போட்டோம். நேரம் எடுத்தோம்,” என்றாள். சைகை பற்றிய வாக்கியம் வரவில்லை. அடுத்த நாட்களையும் அப்படியே கடந்தாள். கடைசிப் பக்கத்தின் அடிக்கு வந்தபோது அவள் விரல் அங்கே நின்றது.

“மழை. அளவு எடுக்க முடியவில்லை,” என்றாள். “அங்கிள்தான் எனக்கு நேரம் குறிச்சுத் தாறவர், சேர்.”

சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். “இந்த வயதில் கம்பஸ் படிப்பா, மாத்தயா? நல்லது. நாளைக் காலை பாலத்தில் எனக்குத்தான் டியூட்டி. வாருங்கள், பார்ப்போம்.”

அவர்கள் போன பின் மனைவி தேநீர் வைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

“பிள்ளை,” என்றேன். ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“திங்கக்கிழமை எண்டு எழுதியிருக்கிறியள். நாளைக்குத்தானே, அங்கிள்?”

“ஓம்.”

“ஆறு மணிக்கு ரெடியா நில்லுங்கோ. பொலிசுக்குப் போற வழியும் அதுதான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். என்ன எழுதினேன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் 6.05க்கு நான் பாலத்துக்குக் கீழ்ப்புறம், நீர் போகும் பக்கத்தில், அந்தப் பெண் காட்டிய கம்பத்தருகே கைக்கடிகாரத்தோடு நின்றேன். சார்ஜன்ட் காவலரணின் மணல் மூட்டைகளின் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மாடிவீட்டில் ஒரு திரை விலகி மூடியது. பாண் கையோடு வந்த எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர், என்னைக் கண்டும் காணாதவர்போல வீதியின் மறுபக்கத்துக்கு மாறிப் போனார்.

அவள் நீர் வரும் பக்கத்திலிருந்து கையைக் காட்டிப் பழத்தைப் போட்டாள். அது பைகளுக்கு இடையே உரசி உரசி வந்து கம்பத்தைத் தாண்டியது.

“நாற்பத்தொன்று!” என்று கத்தினேன்.

அவள் எழுதவில்லை. தானும் நேரம் எடுத்திருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னொருக்கா எடுப்பம்,” என்றாள்.