பெரிய மேசையில் ஒரு ஜோடி குச்சி

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் பித்தான் தைத்தே முப்பது வருஷம் ஓட்டியவள் மூய்-ஹிங். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் காலைச் சாப்பாட்டைத் தனியாகத் தின்றதில்லை, தின்னவும் மாட்டாள். விடிந்ததும் தேநீர்க் கடைக்குப் போய், வட்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்துகொள்வாள். ஊரே அப்படித்தான் உட்காரும்.

புது மேனேஜர் ஃபுங் வந்தான். ஒற்றை ஆட்கள் இனிமேல் சுவரைப் பார்த்த பலகையில்தான் உட்கார வேண்டுமாம்.

"சுவரா எனக்கு டீ ஊத்தும்?" என்றவள், ஐந்து பேர் மட்டும் இருந்த பத்துப் பேர் மேசைக்கு நேராகப் போனாள். "யாராச்சும் வர்றாங்களா? சேந்து உக்காரலாமா?"

குழாய் வேலை பார்க்கும் தக்-சுன் குடும்பம் அது. அவன் பிள்ளைகளை நகரச் சொன்னான். "உக்காருங்கக்கா. கூட ஒரு ஜோடி குச்சி, அவ்வளவுதானே!"

அந்தச் சாப்பாட்டுக் குச்சியைத்தான் ஃபுங் தர மறுத்தான். கிண்ணமும் வரவில்லை.

"ரூல்னா ரூல்தான் அத்தை."

அவள் பையிலிருந்து சொந்தக் கிண்ணத்தையும் குச்சியையும் எடுத்து, சுடு தேநீரில் அலசினாள். தக்-சுன் ஒரு இறால் கொழுக்கட்டையை அதில் வைத்தான்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்றான் ஃபுங்.

"எதுத்த நாற்காலி உறவு," என்றாள் மூய்-ஹிங்.

அவள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். நன்றி சொல்லி விரல்கள் மேசையைத் தட்டின, சின்னவனின் விரல்கூட.

சாப்பிட்டு முடித்த குடும்பம் எழுந்தது. "மெதுவாச் சாப்பிடுங்கக்கா!"

ஃபுங் காத்திருந்ததே அதற்குத்தான். "இப்ப நீங்க ஒத்த ஆளு. எந்திரிங்க."

"எவன் சொன்னான்?" சுவரோரம் நான்கு முதுகுகள். "நீலச் சட்டை அண்ணே, சாப்ட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப அங்க என்ன வேலை? இங்க வாங்க!"

அவர் ஃபுங்கைப் பார்த்துத் தயங்கினார். மூய்-ஹிங் காலாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிளாஸோடு வந்து உட்கார்ந்தார். அடுத்த முதுகும் திரும்பியது.

"எனக்கு இடமிருக்காக்கா?"

"எட்டு இருக்கு. வா!"

ஊற்ற ஊற்றத் தேநீர் தீர்ந்தது. வெந்நீர் வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் வாயைத் திறக்க வேண்டாம், கூஜா மூடியைத் திறந்து வைத்தால் போதும். மூய்-ஹிங் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஃபுங்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் மூடியைப் பார்த்தான், நிறைந்துவரும் மேசையைப் பார்த்தான். கூஜாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"குச்சியும் எடுத்துட்டு வா தம்பி," என்றாள். "நாலு ஜோடி."