பிணம் தொட்ட கை

என் அத்தையைக் கொன்றது மார்பில் வந்த கட்டி என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பொய். அவளைக் கொன்றது மடி, தீட்டு என்ற ஆசாரம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்த காலம். மயிலாப்பூரில் டிராம் ஏறி மருத்துவக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் மொத்தமே முன்பெஞ்சு ஒன்றுக்குத்தான் காணும். நாங்கள் நுழைந்தாலே பின்னாலிருந்து பையன்கள் தரையில் காலைத் தட்டுவார்கள். கட்டையில் போகிறவன்கள்! அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கொல்லைக் கிணற்றடியில் அத்தை வாளியோடு நிற்பாள். அப்பாவின் அக்கா, புருஷன் போனபின் எங்களோடேயே இருந்தவள்.

“பொணத்தத் தொட்டுட்டு ஆத்துக்குள்ள வராதேடி! அங்கேயே நில்லு.”

நான் கயிற்றைத் தொட்டால் கிணறே தீட்டாம். அதனால் அவளே இறைத்து, எட்ட நின்று என் தலையில் கொட்டுவாள். மார்கழியிலும் இதே கூத்துதான். குளித்த பிறகாவது அவளைத் தொடலாமா? “பொணத்த அறுத்த கைடீ அது, கங்கையில முக்கினாலும் போகாது” என்பாள்.

இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் வாளி மேலே ஏறவே மாட்டேனென்றது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்தாள். அந்த இடது கை வீங்கியிருந்தது.

“என்ன அத்தை கை? காட்டு.”

“தள்ளி நில்லு! சுளுக்கு.”

நான் விடவில்லை. கத்தி ஊரைக் கூட்டினேன். கடைசியில் என் அம்மாவின் காதில் மட்டும் சொன்னாள்: மார்பில் கட்டி, வந்து ஒரு வருஷமாகிறது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், அத்தை.”

“ஆம்பளைகிட்ட அவுத்துக் காட்டச் சொல்றியா?”

“லேடி டாக்டர் இருக்கா.”

“அவ என்ன ஜாதியோ, என்ன குலமோ! நீ பாஸ் பண்ணிட்டு வா, உங்கிட்டக் காட்டறேன்.”

பாஸ் பண்ண இன்னும் மூன்று வருஷம்! அதுவும், தொடவிடாத கையிடம் காட்டுவாளாம். அப்பாவிடம் போய் நின்றேன். “பொம்மனாட்டி சமாசாரம், நேக்கு எதுக்கு?” என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைப்பதாகக் குளத்தங்கரை முழுக்கப் பீற்றிக்கொண்டவர் அவர்தான். நானாவது, தீட்டுப் பட்டால் பட்டுத் தொலையட்டும் என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. எட்ட நின்றே எனக்கும் பழகிவிட்டிருந்தது.

இப்போது கல்லூரியில் பெண்பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்குப் புல்லரிக்கிறார்கள். நிறையட்டும், நல்லதுதான். ஆனால் என்னிடம் இன்றும் ஒருத்தி வருகிறாள், கட்டி வந்து வருஷம் கழித்து. கேட்டால், “வெக்கமா இருந்துச்சு, டாக்டரம்மா” என்கிறாள். வெட்கமாம்! யார் சொல்லிக்கொடுத்த வெட்கம்?

வாளி ஏறாமல் போனதற்கு அடுத்த தையில் அத்தை போய்விட்டாள். குளிப்பாட்ட வந்த பெண்கள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். “நோக்குத்தான் பொணம் பழக்கமாச்சே, நீயே பண்ணு” என்று அம்மா துண்டை என் கையில் கொடுத்தாள். கிணற்றில் நானே நீர் இறைத்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. அந்தக் கட்டியை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன்.