ஒன்பதாவது கிளிஞ்சல்

எங்கள் மீன்தொட்டியின் அடியில் ஒன்பது கிளிஞ்சல்கள் கிடக்கின்றன. எட்டு பழையவை, வருடக்கணக்காகத் தண்ணீரில் கரைந்து ஓரமெல்லாம் மெலிந்துபோனவை. ஒன்று மட்டும் புதிது. மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டியில் இறங்கும்போது எதிர்ச்சுவரில் தண்ணீரின் வெளிச்சம் அசையும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். இந்தப் பொன்னேரி வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் நான் செய்த காரியமும், அதைத் தன் தலையில் போட்டுக்கொண்ட என் ஓரகத்தியும் நினைவுக்கு வருவார்கள்.

அப்போது என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. பேச்சும் குறைந்துவிட்டது. பொழுதுபோகட்டும் என்று பெரிய மகன் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வைத்திருந்தார். மாமா இடது கை விரலைக் கண்ணாடியில் வைப்பார். பெரிய மீன் எங்கிருந்தாலும் மெல்ல மிதந்து வந்து, அந்த விரலுக்கு நேராக வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். மீன்களைக் கவனிப்பது ஓரகத்தியின் பொறுப்பு. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போனால் கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, வேகவைத்துக் கழுவித் தொட்டியில் போடுவார். எதற்கு என்று கேட்டேன். “அழகா கீதுல்ல, அதுக்குத்தான்” என்றார்.

நானோ தண்ணீர் படித்தவள். வேறொரு கம்பெனியில் பாய்லர் தண்ணீரைச் சோதிக்கும் லேபில் வேலை. தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் பாய்லர் குழாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அதனால் உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் நீக்கிய டி.எம். தண்ணீரைத்தான் பாய்லருக்கு விடுவோம். அந்தக் கண்ணுக்கு வீட்டுத் தொட்டி எப்படித் தெரியும்? ஃபில்டர் ஸ்பாஞ்சில் பழுப்பு வழவழப்பு, கிளிஞ்சலில் பாசி. கல்யாணமாகி மூன்று மாதம். என் படிப்பை வீட்டில் காட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அக்காவும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். லேபில் கேட்டு வாங்கி வந்த இரண்டு கேன் டி.எம். தண்ணீர் தயாராக இருந்தது. பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினேன். ஸ்பாஞ்சை வெந்நீரில் அலசினேன். ஒன்பது கிளிஞ்சல்களையும் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் எறிந்தேன். டி.எம். தண்ணீரை நிரப்பியதும் மீன்கள் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீர் இந்தத் தெருவிலேயே யாரிடமும் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை.

மூன்றாம் நாள் காலை பெரிய மீன் மேலே வந்து சாய்ந்து சாய்ந்து மூச்சு வாங்கியது. சாயங்காலம் மல்லாந்துவிட்டது. லேபில் அமிலம் பார்க்கும் காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தேன். புளித்துப்போன தண்ணீர் என்று அதன் நிறம் சொன்னது. பிறகுதான் உறைத்தது. மீன் கழிவால் தண்ணீர் மெல்லப் புளித்துக்கொண்டே வரும். அந்தப் புளிப்பை முறித்துக்கொண்டிருந்தது குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் அந்தக் கிளிஞ்சல்களும். நான் அழுக்கென்று அலசிய வழவழப்பில்தான் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருந்தன. பாய்லருக்கு ஆகாததெல்லாம் மீனுக்கு வேண்டியிருந்திருக்கிறது. தண்ணீரைச் சோதித்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தோன்றவில்லை.

மாமா கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குழறலாகக் கேட்டார்: “யாரு தொட்டிய கழுவுனது?” சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நான்தான் மாமா. அழுக்கா இருந்துச்சேன்னு கழுவிட்டேன்.”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இனிமே தொட்டிகிட்ட வராத” என்றார்.

முருங்கை மரத்தடியில் இருவரும் குனிந்து கிளிஞ்சல் தேடினோம். எட்டுதான் கிடைத்தன. “நீ வந்து மூணு மாசம்தான் ஆவுது. என் மேல கோவம்னா ரெண்டு நாள்ல போய்டும் அவருக்கு. அழுதுக்கினு நிக்காத” என்றார் அக்கா.

இரண்டு நாளில் போகவில்லை. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, தினம் கொஞ்சமாக மாற்றி, கிளிஞ்சல்களையும் திரும்பப் போட்டு, மிஞ்சிய சின்ன மீனை நான் தேற்றிவிட்டேன். சின்ன மருமகள்தான் மீனைக் காப்பாற்றினாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா திக்கித் திக்கிச் சொன்னார். அக்கா வீட்டைக் கூட்டும்போதுகூட தொட்டி இருந்த மூலையை எனக்கு விட்டுவிடுவார். எந்த நாளிலும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாராட்டு சுகமாக இருந்தது, வாயைத் திறக்கவில்லை. பிறகு அக்கா குடும்பம் கும்மிடிப்பூண்டிக்கே குடிபோனது. போன வருடம் மாமா போய்ச் சேர்ந்தார். அவரிடம் சொல்லாதது சொல்லாததாகவே போய்விட்டது.

போன மாதம் வருடத் திதி. பந்தியில் சின்ன மாமனார் பழைய கதையை எடுத்தார்: பெரியவ மீனைக் கொன்னா, சின்னவ காப்பாத்துனா. எல்லோரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கழுவுனது நான்தான். அக்கா இல்ல” என்றேன்.

“இப்போ இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? சாப்புடுங்க” என்றார் அக்கா. ஆனால் ரசம் ஊற்றிய இலைக்கே மறுபடியும் ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு பழவேற்காட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கிளிஞ்சலை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது ஆடி ஆடி இறங்கி, மற்ற எட்டோடு போய்ப் படுத்தது. பிறகு மாமாவின் காலி நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தார். நிறம் வெளுத்துக் கிழடாகிப்போன அந்தச் சின்ன மீன் மெல்ல மிதந்து வந்தது.